எலும்பின் மேடுகளும் மூட்டுப் பரப்புகளும்: கையில் பிடித்துக் கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

முதலாண்டு மாணவர்களோடு மாலை நேரத்தில் எலும்புப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவது சில ஆண்டுகளாக என் வழக்கம். பிசியோதெரபி, நர்சிங், மருத்துவம் என்று எந்தப் படிப்பிலிருந்து வந்தாலும் பெரும்பாலோர் தடுமாறும் இடம் ஒன்றுதான். படத்தில் அம்புக்குறி போட்ட பெயர்களை முதலில் ஒப்பிக்கிறார்கள், அதன் பிறகே எலும்பை எடுக்கிறார்கள். படத்தில் பார்த்த பக்கமே முன்னால் இருக்கும்வரை பெயர் வருகிறது. எலும்பைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தால் வாய் அடைத்துப்போகிறது.

இங்கே நான் சொல்லும் வரிசையில் முதலில் கை, அடுத்து காரணம், கடைசியில் பெயர். முதல் இரண்டு எலும்புகளுக்கு இது மெதுவாகத்தான் போகும். மூன்றாவது எலும்பிலிருந்து வேகம் பிடிக்கும்.

## 1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

முடிந்தால் உண்மையான எலும்பு. பிளாஸ்டிக் மாதிரியில் உருவம் சரியாக இருக்கும், ஆனால் வழவழப்புக்கும் சொரசொரப்புக்கும் உள்ள வேறுபாடு மழுங்கியிருக்கும். இந்த முறைக்கு அந்த வேறுபாடுதான் உயிர். வீட்டில் மாதிரிதான் இருக்கிறது என்றால் அதில் பழகுங்கள், வாரத்துக்கு ஒருமுறையாவது துறையில் இருக்கும் எலும்பைக் கேட்டு வாங்கித் தொட்டுப் பாருங்கள்.

ஒரு டார்ச். நேர் மேலிருந்து விழும் டியூப்லைட் வெளிச்சத்தில் மெல்லிய கோடுகள் தெரியாது. டார்ச்சை எலும்பின் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுக்கை வாக்கில் பிடித்தால் ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் விழும்.

சுட்டிக்காட்ட ஒரு ஈர்க்குச்சி. பேனா வேண்டாம், மை பட்டால் எலும்பில் ஊறிவிடும். குறி போடச் சிவப்பு, நீலச் சாக்பீஸ் போதும், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். தசை தொடங்கும் இடத்துக்குச் சிவப்பு, சென்று சேரும் இடத்துக்கு நீலம் என்பது பரவலாக உள்ள வழக்கம், அதையே பின்பற்றுங்கள்.

இன்னொன்று. அது ஒருவருடைய உடல். மேசைமேல் துணி விரித்து, இரண்டு கையாலும் எடுங்கள். மண்டையோட்டைக் கண்குழிக்குள் விரல் விட்டுத் தூக்கவே கூடாது. கண்குழியின் சுவர்கள் மிக மெல்லியவை, உடைந்தால் ஒட்டவைக்க முடியாது.

## 2. எலும்பை உடலில் இருப்பதுபோல் பிடியுங்கள்

பெயருக்கு முன்னால் திசை. எது மேல், எது முன், எது உடலின் நடுக்கோட்டுப் பக்கம் என்று தெரியாமல் ‘மீடியல் காண்டைல்’ (உள்பக்க மூட்டு உருண்டை) என்று சொல்வதில் பொருளே இல்லை. வலமா இடமா என்பதை முதலில் முடிவு செய்து, அந்த எலும்பை உங்கள் உடம்பின் அதே பக்கத்தில் வைத்துப் பிடியுங்கள். ஃபீமர் என்றால் உங்கள் தொடையோடு, ஹியூமரஸ் என்றால் உங்கள் மேற்கையோடு.

ஃபீமருக்கு மூன்று அடையாளம் போதும். உருண்டையான ஹெட், அதாவது எலும்பின் தலை, மேலேயும் நடுக்கோட்டை நோக்கியும் இருக்கும். தண்டின் வளைவு முன்பக்கம் புடைத்திருக்கும். பின்னால் நீளவாக்கில் ஒரு முரட்டு வரப்பு ஓடும்.

இங்கே எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. ஃபீமரைக் கம்பம்போல் நெட்டுக்குத்தாக நிறுத்துவார்கள். அப்படி நிறுத்தினால் உள்பக்கக் காண்டைல் கீழே இறங்கி நிற்கும், ‘இரண்டும் ஏன் சமமாக இல்லை?’ என்று குழம்புவார்கள். இரண்டு காண்டைலும் ஒரே மட்டத்தில் மேசையைத் தொடும்படி வைத்துப் பாருங்கள். தண்டு வெளிப்பக்கமாகச் சாயும். உடம்பில் அது நிற்பதும் அப்படித்தான், இடுப்பு அகலமாகவும் முழங்கால்கள் நெருக்கமாகவும் இருக்கின்றன அல்லவா?

முழங்கால் சில்லான பட்டெல்லாவுக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. மூட்டுப் பரப்பு கீழே, கூர்முனை உங்களுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி மேசையில் வைத்துக் கையை விடுங்கள். வலது கால் சில்லு வலப்பக்கம் சாயும், இடது இடப்பக்கம் சாயும். வெளிப்பக்க ஃபேசெட், அதாவது தட்டையான மூட்டுப் பரப்பு, பெரியது என்பதால் அதன்மேல் படுத்துக்கொள்கிறது. மூட்டுப் பரப்பின் அளவை இப்படி ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள் அதை மறந்து நான் பார்த்ததில்லை.

## 3. கண்ணை மூடிக்கொண்டு தடவுங்கள்

இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். கண்ணை மூடி, ஆள்காட்டி விரலின் நுனியால் எலும்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகத் தடவுங்கள். தடவும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த இடம் இழுக்கப்பட்டதா, உரசப்பட்டதா?

டெண்டன் என்கிற தசைநாணும் எலும்புகளைக் கட்டும் லிகமென்டும் இழுக்கும் இடங்களில் எலும்பு மேடிட்டுப் பெரும்பாலும் முரடாக இருக்கும். இன்னொரு எலும்போடு சேர்ந்து அசையும் இடம் வழவழப்பாக இருக்கும், உயிருள்ள உடலில் அதன்மேல் குருத்தெலும்பு போர்த்தியிருக்கும்.

வழவழப்பான இடமெல்லாம் மூட்டு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தசை டெண்டனாகத் திரளாமல் சதையாகவே பரவி ஒட்டும் இடத்திலும் எலும்பில் தடம் விழாது. தோள்பட்டை எலும்பான ஸ்கேபுலாவின் பின்பக்கம், ஸ்பைன் என்ற நீட்சிக்குக் கீழே உள்ள அகன்ற பள்ளம் அப்படித்தான். மூட்டுப் பரப்பைப் பிரித்தறிய இரண்டு சோதனை: அதற்குத் தெளிவான ஒரு விளிம்பு இருக்கும், அதன்மேல் ரத்தக்குழாய் நுழையும் பொடித்துளைகள் இருக்காது. ஃபீமரின் ஹெட்டையும் அதை அடுத்த நெக் என்ற கழுத்துப் பகுதியையும் டார்ச் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். நெக்கில் ஊசி குத்தினாற்போல் துளைகள் நிறைந்திருக்கும், ஹெட்டில் இருக்காது.

ஒருநாள் ஒரு பெண் முன்கையின் கட்டைவிரல் பக்க எலும்பான ரேடியஸைக் கண்மூடித் தடவிக்கொண்டிருந்தாள். நெக்குக்குச் சற்றுக் கீழே உள்ள மேட்டில் விரலை நிறுத்தி, “அக்கா, இதுல பின்னாடி பாதி சொரசொரன்னு இருக்கு, முன்னாடி பாதி வழவழன்னு இருக்கு, எது சரி?” என்றாள். இரண்டும் சரி. அது ரேடியல் டியூபரோசிட்டி. பின்பாதியில் மேற்கைத் தசையான பைசெப்ஸின் டெண்டன் ஒட்டுகிறது. முன்பாதியில் டெண்டனுக்கும் எலும்புக்கும் இடையே உராய்வைக் குறைக்கும் ஒரு பர்சா, அதாவது சிறு திரவப் பை, இருக்கிறது. புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்துபோகும் செய்தியை அவள் விரல் தானாகவே கண்டுபிடித்தது.

கெண்டைக்கால் பகுதியின் பெரிய எலும்பான டிபியாவில் இதற்கு எதிரானது நடக்கும். முழங்காலுக்குக் கீழே முன்னால் உள்ள டிபியல் டியூபரோசிட்டியின் மேல்பாதி வழவழப்பு, கீழ்ப்பாதி முரடு. பட்டெல்லாவிலிருந்து வரும் லிகமென்ட் ஒட்டுவது மேல்பாதியில். முரடான கீழ்ப்பாதி தோலுக்கு அடியில், இடையே ஒரு பர்சாவோடு கிடக்கிறது. ‘முரடு என்றால் ஒட்டும் இடம்’ என்பது தொடங்குவதற்கு நல்ல விதி. ஆனால் ஒவ்வொரு எலும்பிலும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

## 4. மேடுகளுக்குப் பெயர் வையுங்கள்

இப்போது பெயர்களுக்கு வரலாம். தடவிக் கண்டுபிடித்த மேட்டின் உருவத்தைத் தமிழில் ஒரு சொல்லால் சொல்லிவிட்டு, அதன் பிறகு கலைச்சொல்லைச் சொல்லுங்கள். கண்டதைத் தன் சொல்லால் சொன்னவருக்குக் கலைச்சொல் ஒட்டிக்கொள்கிறது.

பிராசஸ் என்பது பொதுப்பெயர், எலும்பிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பது எதுவும் பிராசஸ்தான். காதுக்குப் பின்னால் உள்ள மாஸ்டாய்டு, தோளின் முன்னால் கொக்கிபோல் வளைந்த கோரகாய்டு, முதுகெலும்பின் பக்கவாட்டில் நீட்டும் டிரான்ஸ்வர்ஸ் எல்லாம் இந்த வகை.

கூர்மையாக நீட்டியிருந்தால் ஸ்பைன். இடுப்பெலும்பின் முன்முனையில் உள்ள ஆன்டீரியர் சுப்பீரியர் இலியாக் ஸ்பைன் நல்ல உதாரணம். வரப்புபோல் நீண்டு உயர்ந்திருந்தால் கிரெஸ்ட், அதே வரப்பு தாழ்வாக மெலிந்திருந்தால் லைன். ஃபீமரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். மேல்முனையில் உள்ள ட்ரோகான்டர் என்ற இரண்டு மேடுகளையும் முன்னால் இணைப்பது லைன், பின்னால் இணைப்பது கிரெஸ்ட். இரண்டையும் விரலால் மாற்றி மாற்றித் தடவினால் வேறுபாடு புரியும்.

ட்ரோகான்டர் என்ற சொல் மனித உடலில் ஃபீமருக்கு மட்டுமே உரியது. கிரேட்டர், லெஸ்ஸர் என இரண்டு. ஹியூமரஸின் மேல்முனையில் உள்ள மேட்டைக் காட்டி ‘கிரேட்டர் ட்ரோகான்டர்’ என்று சொல்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். அது கிரேட்டர் டியூபர்கிள்.

டியூபர்கிளுக்கும் டியூபரோசிட்டிக்கும் என்ன வேறுபாடு? சிறியது டியூபர்கிள், பெரிதாகவும் முரடாகவும் இருப்பது டியூபரோசிட்டி என்று சொல்வார்கள். பொதுவாக அது சரி. ஆனால் ஹியூமரஸின் கிரேட்டர் டியூபர்கிள் ரேடியல் டியூபரோசிட்டியைவிடப் பெரியது. எலும்பு முறிவு பற்றிப் பேசும் அறுவை மருத்துவர்கள் அதையே ‘கிரேட்டர் டியூபரோசிட்டி’ என்றும் சொல்வதுண்டு. ஆகவே அளவை வைத்து ஊகிக்காதீர்கள். இந்த இரண்டு சொற்களை மட்டும் எலும்போடு சேர்த்து மனப்பாடமே செய்துவிடுங்கள்.

எபிகாண்டைல் என்பதில் ‘எபி’ என்றால் மேலே. மூட்டுப் பரப்பான காண்டைலுக்கு மேல், பக்கவாட்டில் உள்ள மேடு. அதில் மூட்டு இல்லை, தசையும் லிகமென்டும்தான். ஹியூமரஸின் மீடியல் எபிகாண்டைலில் விரல்களையும் மணிக்கட்டையும் மடக்கும் தசைகளுக்குப் பொதுத் தொடக்கம் இருக்கிறது, வெளிப்பக்கமான லேட்டரலில் நீட்டும் தசைகளுக்கு.

கணுக்காலின் இருபுறமும் புடைத்திருப்பது மல்லியோலஸ். உள்பக்கத்தது டிபியாவுடையது, வெளிப்பக்கத்தது டிபியாவுக்கு இணையாக ஓடும் மெல்லிய எலும்பான ஃபிபுலாவுடையது. வெளிப்பக்கத்தது தாழ்வாக இறங்கியிருக்கும்.

## 5. மூட்டுப் பரப்பை எப்போதும் ஜோடியாகப் படியுங்கள்

ஒரு மூட்டுப் பரப்பைத் தனியாகப் படித்தால் அது வெறும் வழவழப்பு. எதிரே வரும் எலும்பையும் எடுத்துப் பொருத்தி, அசைத்துப் பாருங்கள். உருவமே அசைவைச் சொல்லிக்கொடுக்கும்.

ஃபீமரின் ஹெட் ஒரு கோளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. அதை இடுப்பெலும்பில் உள்ள அசெடாபுலம் என்ற ஆழமான கிண்ணத்துக்குள் நுழைத்துச் சுழற்றுங்கள், எல்லாத் திசையிலும் சுழலும், எளிதில் வெளியே வராது. இப்போது கிண்ணத்துக்குள் விரல் விடுங்கள். முழுவதும் வழவழப்பாக இருக்காது. குதிரை லாடம்போல் வளைந்த ஒரு பட்டைதான் மூட்டுப் பரப்பு, நடுப்பள்ளம் முரடு. ஹெட்டிலும் நடுவே ஒரு சிறு குழி இருக்கும், அது ஃபோவியா. அதில் ஒரு லிகமென்ட் ஒட்டுகிறது.

அடுத்ததாக ஹியூமரஸின் ஹெட்டை ஸ்கேபுலாவின் கிளெனாய்டு பரப்பில் வையுங்கள். ஹெட் கோளத்தில் மூன்றில் ஒரு பங்கு, எதிரே உள்ளது ஆழமில்லாத, பேரிக்காய் வடிவச் சிறு தட்டு. கையை விட்டால் விழுந்துவிடும். தோள்மூட்டு ஏன் இவ்வளவு தாராளமாக அசைகிறது, ஏன் இவ்வளவு எளிதில் விலகுகிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் அந்தத் தட்டில் இருக்கிறது.

முழங்கை இன்னும் சுவையானது. ஹியூமரஸின் கீழ்முனையில் உள்பக்கம் கிணற்று ராட்டினம்போல் நடுவில் பள்ளம் விழுந்த ட்ரோக்லியா, வெளிப்பக்கம் சிறு உருண்டையான கேபிடுலம். ட்ரோக்லியாவில், முன்கையின் சுண்டுவிரல் பக்க எலும்பான அல்னாவின் நாட்ச் என்ற வெட்டு கவ்விக்கொள்கிறது, அதனால் மடக்கலாம், நீட்டலாம், வேறெதுவும் முடியாது. கேபிடுலத்தில் ரேடியஸின் தட்டையான வட்ட ஹெட் உட்கார்ந்து, அல்னாவின் பக்கவாட்டில் சுழல்கிறது. உள்ளங்கையை மேலும் கீழும் புரட்டுவது அந்தச் சுழற்சியால்தான்.

காண்டைல் என்பது விரல்முட்டிபோல் உருண்ட மூட்டுப் பரப்பு. ஃபீமரின் கீழே இரண்டு, மண்டையோட்டின் அடியில் இரண்டு. மண்டையோட்டுக் காண்டைல்கள் முதல் கழுத்தெலும்பான அட்லஸின்மேல் உட்காருகின்றன, ‘ஆமாம்’ என்று தலையாட்டுவது அங்கே. ‘இல்லை’ என்று ஆட்டுவது அதற்குக் கீழே, இரண்டாம் எலும்பின் பல் போன்ற டென்ஸைச் சுற்றி அட்லஸ் திரும்புவதால்.

சிறிய, தட்டையான மூட்டுப் பரப்பு ஃபேசெட். மார்பு முதுகெலும்பின் உடற்பகுதியில் பக்கவாட்டில் ஃபேசெட் இருந்தால் அங்கே விலா எலும்பு சேர்கிறது என்று பொருள். கழுத்திலும் இடுப்பிலும் அது இருக்காது.

## 6. பள்ளமும் துளையும்

அகன்ற பள்ளம் ஃபோசா, நீண்ட வாய்க்கால் குரூவ், விளிம்பில் வெட்டியதுபோல் இருந்தால் நாட்ச், ஊடுருவிய துளை ஃபொராமென். ஒவ்வொன்றிலும் ‘இங்கே என்ன படுத்திருக்கிறது, எது கடந்துபோகிறது?’ என்று கேளுங்கள். ஹியூமரஸின் இரண்டு டியூபர்கிள்களுக்கும் இடையே ஓடும் வாய்க்காலில் பைசெப்ஸின் நீளத் தலையின் டெண்டன். பின்பக்கம் சாய்வாக இறங்கும் வாய்க்காலில் ரேடியல் நரம்பு. தண்டின் நடுப்பகுதி முறிந்தால் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போவது இதனால்தான்.

## 7. ஒரே அமர்வில் ஒரு எலும்பை முழுமையாக முடித்தல்

ஃபீமரை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

பக்கத்தை முடிவு செய்து தொடையோடு பிடியுங்கள். கண்மூடித் தடவி, மூட்டுப் பரப்புகளை மட்டும் முதலில் எண்ணுங்கள். மேலே ஹெட், கீழே இரண்டு காண்டைல், முன்னால் பட்டெல்லா வழுக்கும் பரப்பு. அந்தப் பரப்பின் வெளிப்பக்கம் உயர்ந்திருப்பதைக் கவனியுங்கள், பட்டெல்லா வெளியே நழுவாமல் அது தடுக்கிறது.

பிறகு மேலிருந்து கீழாக மேடுகள். கிரேட்டர் ட்ரோகான்டரில் குளூட்டியஸ் மீடியஸ், மினிமஸ் என்ற புட்டத் தசைகள். உள்ளேயும் பின்னாலும் தள்ளியிருக்கும் லெஸ்ஸரில் இலியோசோவாஸ், தொடையைத் தூக்கும் தசை. முன்னால் உள்ள லைனில் இலியோஃபெமோரல் லிகமென்ட். பின்னால் லீனியா ஆஸ்பெரா என்ற முரட்டு வரப்பு, அது கீழே போகும்போது இரண்டாகப் பிரிகிறது. உள்பக்க எபிகாண்டைலுக்குச் சற்று மேலே அடக்டர் டியூபர்கிள் என்ற சிறு முனை. அதை விரல் கண்டுபிடிக்கச் சற்று நேரம் ஆகும், விட்டுவிடாதீர்கள்.

கடைசியில் சாக்பீஸ். சிவப்பும் நீலமும் போட்டு, ஒவ்வொரு இடத்தையும் ஈர்க்குச்சியால் தொட்டு உரக்கச் சொல்லுங்கள். துடைத்துவிட்டு, எலும்பைத் தலைகீழாகப் பிடித்து மறுபடியும் சொல்லுங்கள். தலைகீழாகவும் சொல்ல வந்தால்தான் அந்த எலும்பை முடித்ததாகக் கணக்கு.

## 8. உங்கள் உடம்பில் தேடுங்கள்

மேசையில் படித்ததைத் தோலுக்கு மேலே கண்டுபிடிக்காவிட்டால் நோயாளியிடம் அது பயன்படாது. கெட்டியான மரப்பலகையில் உள்ளங்கைகளின்மேல் உட்கார்ந்து பாருங்கள், கையை அழுத்துவது இஷியல் டியூபரோசிட்டி. நின்றுகொண்டு தொடையின் வெளிப்பக்க மேட்டில் கை வைத்துப் பாதத்தை உள்ளும் புறமும் திருப்புங்கள், கையடியில் கிரேட்டர் ட்ரோகான்டர் நகரும்.

முழங்கையில் மூன்று புள்ளிகளைத் தொடுங்கள்: இரண்டு எபிகாண்டைல், பின்னால் அல்னாவின் மேல்முனையான ஓலெக்ரனான். கையை நீட்டினால் மூன்றும் ஒரே கோட்டில் வரும், 90 பாகை மடக்கினால் முக்கோணமாகும். மூட்டு பின்னால் விலகினால் இந்த அமைப்பு குலையும். எபிகாண்டைல்களுக்கு மேலே எலும்பு முறிந்தால் குலையாது. படம் எடுக்கும் முன்பே இவ்வளவு சொல்ல முடிகிறது, மேடுகளின் பெயர் தெரிந்ததால்.

## 9. நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிழைகள்

ஹெட் என்றால் மேலே இருக்கும் என்று நம்புவது. ரேடியஸின் ஹெட் மேலே, அல்னாவின் ஹெட் கீழே. உள்ளங்கையைக் கவிழ்த்தால் சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டில் புடைக்கும் உருண்டை அதுதான். உள்ளங்கை எலும்புகளின் ஹெட் விரல் பக்கம் இருக்கிறது, கையை முஷ்டியாக மூடினால் அவைதான் முட்டிகளாகத் தெரிகின்றன. விலா எலும்பின் ஹெட் முதுகுப் பக்கம்.

ஹியூமரஸின் இரண்டு நெக்குகளைக் குழப்புவது. ஹெட்டை ஒட்டிய குறுகிய பள்ளம் அனாடமிக்கல் நெக். டியூபர்கிள்களுக்குக் கீழே ஒடுங்குமிடம் சர்ஜிக்கல் நெக், அடிக்கடி முறிவது இது. ஆக்ஸிலரி நரம்பு சுற்றிச் செல்வதும் இங்கே.

கோரகாய்டையும் கோரனாய்டையும் மாற்றிச் சொல்வது. கோரகாய்டு ஸ்கேபுலாவில் மட்டும். கோரனாய்டு அல்னாவிலும் உண்டு, கீழ்த்தாடையிலும் உண்டு. ஆகவே எந்த எலும்பு என்று சேர்த்துச் சொல்லாமல் கோரனாய்டு என்ற சொல்லை வாயில் எடுக்காதீர்கள்.

முழங்கால் மூட்டில் ஃபிபுலாவைச் சேர்ப்பது. ஃபிபுலாவின் ஹெட் டிபியாவின் வெளிப்பக்கக் காண்டைலின் அடியில் ஒட்டிக்கொள்கிறது, ஃபீமரைத் தொடுவதே இல்லை. மூன்று எலும்பையும் சேர்த்துப் பொருத்திப் பார்த்தவர்கள் இந்தப் பிழையைச் செய்வதில்லை.

## 10. எந்த எலும்பிலிருந்து தொடங்கி எங்கே போவது

ஃபீமர், ஹியூமரஸ், பிறகு டிபியா, அல்னா, ரேடியஸ். மேடுகள் பெரிதாக உள்ள எலும்புகளில் விரல் பழகட்டும். அதன்பின் ஸ்கேபுலா, இடுப்பெலும்பு. முதுகெலும்புகளை மூன்று வகைக்கு ஒன்று வீதம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மணிக்கட்டும் பாதமும் அப்புறம். மண்டையோடு கடைசியில். அதில் முதல் வாரத்திலேயே இறங்கி, சோர்ந்து, எலும்பு என்றாலே பயந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புதிய எலும்பை எடுக்கும் ஒவ்வொரு நாளும், முந்தைய எலும்பைக் கண்மூடி ஐந்து நிமிடம் தடவிவிட்டுத் தொடங்குங்கள்.